வெளிநாட்டு விலங்குக் காப்பகங்களில் தன்னார்வப் பணி: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, எப்படித் தயாராவது

#1 காட்டுப்பாதை

சிங்கக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கலாம், குரங்குக்குட்டியைத் தோளில் சுமக்கலாம் என்று அழைக்கும் தன்னார்வத் திட்டங்களைப் பற்றி இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட ஒரே இழையில் போட்டுவைக்கலாம். துறை தெரிந்தவர்கள் கீழே சேருங்கள்.

சிங்கக்குட்டித் திட்டங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். காட்டில் பெண்சிங்கம் குட்டிகளை வளர்த்து ஆளாக்கும்வரை, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், மறுபடி ஈனாது. குட்டிகளைப் பிறந்த சில நாளிலேயே பிரித்துவிட்டால் சில வாரங்களில் மறுபடி இணைசேரத் தயாராகிவிடும். அதனால் பண்ணையில் எப்போதும் கைக்குட்டி இருந்துகொண்டே இருக்கும். தன்னார்வலரிடம் "தாய் கைவிட்ட குட்டி" என்பார்கள். ஆறு மாதம் தாண்டினால் குட்டியைத் தூக்க முடியாது, அப்போது "சிங்கத்தோடு நடை" என்று ஓட்டுவார்கள். அதற்கும் வளர்ந்துவிட்டால் வேலியிட்ட நிலத்தில் வேட்டைக்கு விற்பனை, அல்லது எலும்பு வணிகம். மனிதக் கையில் வளர்ந்த சிங்கம் ஆளைக் கண்டு ஒதுங்காது, அதைக் காட்டில் விடவே முடியாது. ஆகவே "பிறகு காட்டில் விடுவோம்" என்ற பேச்சை அப்படியே தள்ளிவிடலாம். தென்னாப்பிரிக்காவில் இந்தத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவர 2021-இல் உயர்நிலைக் குழு பரிந்துரைத்தது. வளர்ப்பாளர்கள் தாமாக விலகுவதற்கான வழிமுறைகளை அந்நாட்டு அமைச்சரவை 2024-இல் ஏற்றது.

எந்த இடத்துக்கு எழுதினாலும் இவற்றைக் கேளுங்கள். உங்களிடம் விலங்குகள் இனப்பெருக்கம் செய்கின்றனவா, செய்தால் எதற்காக? போன ஆண்டு எத்தனை விலங்கு வந்தது, எத்தனை காட்டுக்குப் போனது, எத்தனை இறந்தது? வளர்ந்தவை எங்கே இருக்கின்றன? மருத்துவர் வளாகத்திலேயே இருக்கிறாரா, அழைத்தால் வருபவரா? நல்ல மையம் இறப்புக் கணக்கையும் மறைக்காமல் சொல்லும். அடிபட்ட, அநாதையான காட்டுவிலங்குகளை வாங்கிச் சேர்க்கும் எந்த மறுவாழ்வு மையத்திலும் கணிசமான இறப்பு இருந்தே தீரும். "எங்களிடம் எதுவும் இறப்பதில்லை" என்றால் கணக்கே எழுதுவதில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரிபார்க்க இரண்டு அமைப்புகள் உதவும். குளோபல் ஃபெடரேஷன் ஆஃப் அனிமல் சாங்சுவரீஸ் தரும் அங்கீகாரத்தில் வணிக இனப்பெருக்கம், விற்பனை, பார்வையாளர் தொட்டு விளையாடுவது எதற்கும் இடமில்லை. ஆப்பிரிக்கக் குரங்கினக் காப்பகங்களுக்கு 2000-இல் தொடங்கிய பான் ஆப்பிரிக்கன் சாங்சுவரி அலையன்ஸ் இருக்கிறது. இவற்றின் பட்டியலில் இல்லாத நல்ல சிறு மையங்களும் உண்டு, ஆனால் அங்கே மேற்படிக் கேள்விகளை இன்னும் அழுத்திக் கேட்க வேண்டும்.

#2 ஈரநிலம்

தொட்டாலே தப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா? பென்குயின் மையங்களில் ஒவ்வொரு பறவையையும் கையில் பிடித்துத்தான் தீனி கொடுக்கிறார்கள். எண்ணெயில் சிக்கிய பறவைகளைக் கழுவுவதும் கையால்தான்.

#3 சிறகன்

தொடுவது விலங்கின் தேவைக்கா, ஆளின் ஆசைக்கா என்பதுதான் கேள்வி. பென்குயின் வேலையில் தொடுதல் முழுக்கச் சிகிச்சை. கொஞ்சுவதற்கு அங்கே நேரமும் கிடையாது, அனுமதியும் கிடையாது.

கேப் டவுனில் உள்ள கடற்பறவை மறுவாழ்வு அமைப்பான சான்காப் 1968-இல் தொடங்கியது. ஆப்பிரிக்கப் பென்குயினின் நிலை மோசமாகி, 2024-இல் அதை மிக அருகிய இனமாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். இனி அங்கே ஒவ்வொரு பறவையும் கணக்கு. வேலை எப்படி என்றால்: கூண்டில் பென்குயின் செத்த மீனைத் தானாக எடுக்காது, பழக்க வேண்டும். நியோப்ரீன் கையுறையும் நீண்ட கைச்சட்டையும் போட்டு, தாழ்ந்த இருக்கையில் உட்கார்ந்து, பறவையை இரண்டு தொடைக்கு நடுவே வைத்து, தலையின் பின்பக்கத்தை ஒரு கையால் பிடிக்க வேண்டும். அலகு கத்தி போல வெட்டும், முதலில் பாய்வது முகத்துக்குத்தான். குனிந்து பார்க்கவே கூடாது. மீனைத் தலை முன்னால் போகும்படி கொடுக்க வேண்டும். வால் முன்னால் போனால் செதிலும் துடுப்பும் தொண்டையைக் கிழிக்கும்.

மீனைக் குளிர்பெட்டியிலேயே மெதுவாக உருகவிட வேண்டும். வெந்நீரில் போட்டு உருக்கினால் சத்து கரைந்து போகும், கிருமியும் பெருகும். உறைந்த மீனில் தயமினை, அதாவது வைட்டமின் பி1-ஐ, சிதைக்கும் நொதி இருப்பதால் ஒரு கிலோ மீனுக்கு 25 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் பி1, 100 அலகு வைட்டமின் ஈ சேர்ப்பது வழக்கம். மாத்திரையை முதல் மீனின் செவுளுக்குள் செருகிக் கொடுத்துவிடுவார்கள். இது விட்டுப்போனால் சில வாரங்களில் நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு என்று வரும்.

எடை பார்ப்பது எப்போதும் தீனிக்கு முன்பு. தின்ற பறவையைத் தூக்கினால் கக்கிவிடும், கக்கியது மூச்சுக்குழாயில் போனால் நிமோனியா. குழாய் வழியாக உணவு செலுத்தும் வேலையைப் புதியவருக்குத் தரமாட்டார்கள், தரவும் கூடாது. ஈரமான வைக்கோல், காற்றோட்டமில்லாத அறை இரண்டும் சேர்ந்தால் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை நுரையீரலைப் பிடிக்கும். பென்குயினுக்கு அது வந்தால் காப்பாற்றுவது மிகக் கடினம். தரையைக் கழுவி உலர்த்துவதே உயிர் காக்கும் வேலை என்று சொல்வது இதனால்தான்.

எண்ணெய்ப் பறவை வந்தவுடன் கழுவக் கூடாது. இதை எல்லாரும் தலைகீழாக நினைக்கிறார்கள். அது குளிரில் விறைத்து, நீர்ச்சத்து வற்றி, எண்ணெயை விழுங்கிய நிலையில் வருகிறது. அப்போதே தொட்டியில் போட்டால் அதிர்ச்சியிலேயே போய்விடும். முதலில் சூடு, நீர்ச்சத்துக் கரைசல், பிறகு நீர்த்த உணவு. ஒன்றிரண்டு நாளில் தலை நிமிர்ந்து நின்றால்தான் கழுவல். 40 டிகிரிக்குச் சற்று மேலான வெந்நீர், பாத்திரம் கழுவும் திரவம், தண்ணீர் கறுக்கக் கறுக்க அடுத்த தொட்டி. கழுவுவதைவிட அலசுவது முக்கியம். சோப்பு துளி மிஞ்சினாலும் இறகு நீரை உறிஞ்சும். சரியாக அலசிய இறகில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும், தோல் வரை உலர்ந்திருக்கும். அதன்பின் குளத்தில் விட்டு, நனைந்த திட்டு எங்காவது இருக்கிறதா என்று விரலால் இறகைப் பிரித்துப் பார்ப்பார்கள். 2000-இல் கேப் டவுன் அருகே ட்ரெஷர் கப்பல் மூழ்கியபோது ஏறத்தாழ 19,000 எண்ணெய்ப் பென்குயின்களைக் கையாள முடிந்ததற்கு இந்த வரிசை மாறாத ஒழுங்கும், ஆயிரக்கணக்கில் வந்து நின்ற தன்னார்வலர்களும்தான் காரணம்.

#4 வெண்கொக்கு

கால்நடைச் செவிலியர் கண்ணோட்டத்தில் உடல்நலப் பகுதியை எழுதுகிறேன். புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள், கடைசி நேரத்தில் முடியாது.

ரேபிஸ் முன்தடுப்பு. உலக சுகாதார நிறுவனம் 2018 முதல் சொல்வது இரண்டு தவணை, முதல் நாளும் ஏழாம் நாளும். சில நாடுகளில் மூன்றாம் தவணையும் போடுகிறார்கள். போட்டுவிட்டால் கடிபட்டாலும் ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். கடித்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அயோடின் தடவி, அன்றும் மூன்றாம் நாளும் ஊக்க ஊசி போட்டே ஆக வேண்டும். முன்தடுப்பால் கிடைக்கும் பெரிய பயன், இம்யூனோகுளோபுலின் எனப்படும் எதிர்ப்புப்பொருள் ஊசி தேவைப்படாது என்பது. தொலைதூர ஊர்களில் பெரும்பாலும் கிடைக்காமல் அலைக்கழிப்பது அந்த மருந்துதான். நாய் ரேபிஸ் இல்லாத ஆஸ்திரேலியாவிலும் வௌவால்களில் ரேபிஸுக்கு நெருங்கிய லிஸ்ஸாவைரஸ் உண்டு. அங்கே தடுப்பூசி போடாதவரைப் பழந்தின்னி வௌவால் மீட்புப் பணியில் தொடவே விடமாட்டார்கள்.

டெட்டனஸ் பத்து ஆண்டுக்குள் போட்டிருக்க வேண்டும். ஹெபடைடிஸ் ஏ, பி இரண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசி பயணத்துக்குப் பத்து நாள் முன்பே, பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். 2016 முதல் அது வாழ்நாள் முழுதும் செல்லுபடியாகும்.

குரங்கினக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். அங்கே உங்களிடமிருந்து விலங்குக்குப் போகும் நோய்தான் பெரிய கவலை. 2013-இல் உகாண்டாவின் கிபாலே காட்டில், மனிதருக்குச் சாதாரணச் சளி தரும் ரைனோவைரஸ் சி பரவி, கன்யவாரா குழுவில் 56 சிம்பன்சிகளில் 5 இறந்தன. எனவே காசநோய்ப் பரிசோதனை, தட்டம்மை எதிர்ப்பாற்றல் சான்று, மலப் பரிசோதனை எல்லாம் கேட்பார்கள். வந்திறங்கிய முதல் சில நாள் விலங்கருகே விடமாட்டார்கள். தும்மல், தொண்டைக் கரகரப்பு வந்தால் மறைக்காமல் சொல்லிவிட்டு அறையிலேயே இருக்க வேண்டும். காசு கட்டிவிட்டோமே, ஒருநாள் வீணாகிறதே என்று மறைப்பவரால் ஒரு குழுவே சாகலாம்.

#5 ஈரநிலம்

சிறுவயதில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்களுக்குக் காசநோய்த் தோல் சோதனை எப்போதும் பாசிட்டிவ் ஆகிவிடும் என்கிறார்களே?

#6 வெண்கொக்கு

எப்போதும் இல்லை, ஆனால் ஆகலாம். அதனால் மாண்டூ தோல் சோதனைக்குப் பதிலாக இக்ரா எனப்படும் இரத்தப் பரிசோதனை ஏற்கப்படுமா என்று காப்பகத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். பிசிஜியால் அது குழம்பாது. இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். உயிருள்ள தடுப்பூசி. அதைப் போட்டபின் சில வாரம் காசநோய்ப் பரிசோதனை முடிவு பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள், அல்லது ஊசிக்குப் பின் நான்கு வாரமாவது விட்டுப் பரிசோதியுங்கள். தோல் சோதனை என்றால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அதே இடத்துக்குப் போய் முடிவைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மறந்தால் மறுபடி முதலிலிருந்து.

ஆசியக் குரங்குகள், குறிப்பாக மக்காக் வகை உள்ள இடங்களுக்குப் போகிறவர்கள் பி வைரஸ் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். குரங்குக்கு வாய்ப்புண் அளவில்கூடத் தெரியாமல் இருக்கும், மனிதருக்கு மூளையைத் தாக்கும். 1997-இல் அமெரிக்க ஆய்வு நிலையமொன்றில் கண்ணில் தெறித்த துளியாலேயே ஒரு பணியாளர் இறந்தார். கடி, கீறல், கண்ணில் தெறிப்பு எதுவானாலும் உடனே 15 நிமிடம் கழுவி மருத்துவரிடம் "மக்காக் குரங்கு" என்று பெயர் சொல்லியே சொல்ல வேண்டும். வைரஸ் எதிர்ப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. கண்காப்புக் கண்ணாடி இல்லாமல் மக்காக் கூண்டைக் கழுவச் சொல்லும் இடத்தில் வேலை செய்யாதீர்கள்.

#7 ஆமைத்தடம்

கடலாமைப் பக்கம் நான் எழுதுகிறேன். தொடக்கநிலைத் தன்னார்வலருக்கு உண்மையாகவே வேலை இருக்கும் இடம் இது. கால் வலிமை, தூக்கம் விழிக்கும் பழக்கம், சொன்னதைச் செய்யும் மனம் போதும். கோஸ்டா ரிக்காவின் டோர்ட்டுகேரோவில் 1955-இல் ஆமை ஆய்வாளர் ஆர்ச்சி கார் தொடங்கிய கணக்கெடுப்பு இன்றும் ஓடுகிறது. அங்கே பேராமைக்கு (பச்சை ஆமை) ஜூன் முதல் அக்டோபர் வரை, ஏழுவரி ஆமைக்கு (லெதர்பேக்) மார்ச் முதல் ஜூன் வரை பருவம். பருவம் பார்க்காமல் டிக்கெட் போட்டால் வெறும் மணலைத்தான் நடந்து பார்க்க வேண்டும்.

இரவு நடைக்குக் கறுப்பு அல்லது அடர்நிற முழுக்கை உடை. சிவப்பு விளக்கு மட்டும், அதுவும் தலைவர் சொன்னால்தான். ஆமை கரையேறும்போதும் குழி தோண்டும்போதும் எந்த அசைவு தெரிந்தாலும் முட்டையிடாமல் கடலுக்குத் திரும்பிவிடும். முட்டை விழத் தொடங்கியபின் அவ்வளவு எளிதில் கலையாது. அப்போதும் பின்பக்கமாகத்தான் நெருங்க வேண்டும், முகத்துக்கு முன் போகக் கூடாது. ஓட்டின் நீளத்தை வளையும் நாடாவால், கழுத்துப் பக்க விளிம்பிலிருந்து ஓட்டின் வால் பக்க முனை வரை அளப்பார்கள். பாசி, சிப்பி ஒட்டியிருந்தால் அளவு மிகையாக வரும், அதைக் குறிப்பில் எழுத வேண்டும். ஒருவர் அளந்து இன்னொருவர் எழுதும்போது எண்ணைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அலைச்சத்தத்தில் 97-ம் 67-ம் மாறிவிடும்.

முட்டையைப் பொரிப்பகத்துக்கு மாற்றுவதில்தான் அதிகச் சேதம் நடக்கிறது. இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேற்புற உள்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையை உருட்டினால் சவ்வு கிழிந்து கரு சாகும், வெளியே பார்க்க எதுவும் தெரியாது. ஆகவே முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள் புதைத்துவிட வேண்டும். பையை ஆட்டாமல், தோளில் தொங்கவிடாமல் இரு கையாலும் ஏந்திச் செல்ல வேண்டும். கொசு விரட்டி தடவிய கையால் முட்டையைத் தொடக் கூடாது. உறை மாட்டுங்கள்.

புதிய குழி இயற்கைக் குழி போலவே இருக்க வேண்டும்: மேலே குறுகி, கீழே அகன்ற குடுவை வடிவம். பங்குனி ஆமைக்கு (ஆலிவ் ரிட்லி) ஏறத்தாழ 45 செ.மீ. ஆழம், ஏழுவரி ஆமைக்கு 75 செ.மீ. ஆழம் குறைந்தால் மணல் சூடேறும். ஏறத்தாழ 29 டிகிரியில் ஆணும் பெண்ணும் கலந்து வரும். அதற்கு மேல் பெண் கூடும், 34-ஐத் தொட்டால் கருவே சாகும். குழிக்குக் குழி ஒரு மீட்டர் இடைவெளி விடுவது வெப்பம் சேராமல் இருக்கத்தான். நிழல் வலை கட்டுவதும் அதற்கே. அதே மணலைப் பருவத்துக்குப் பருவம் மாற்றாமல் வைத்தால் பூஞ்சை பெருகும்.

குஞ்சு வெளிவந்தவுடன் விட வேண்டும். முதல் சில மணி நேர வேகத்தில்தான் அது அலையைத் தாண்டி ஆழ்கடல் போய்ச் சேர்கிறது. பார்வையாளர் வரும்வரை தொட்டியில் நீந்தவிட்டால் அந்தச் சக்தி அங்கேயே தீர்ந்துவிடும். சில இடங்களில் இதைத் தினமும் செய்கிறார்கள். காலையில் சுற்றுலாப் பயணிக்குக் கையில் குஞ்சு கொடுத்துப் படம் எடுக்கும் பொரிப்பகத்தைத் தவிர்த்துவிடுங்கள். விடும் இடத்தையும் நாளுக்கு நாள் மாற்ற வேண்டும், இல்லையென்றால் மீன்கள் அங்கேயே காத்திருக்கப் பழகும். மணலில் சில மீட்டர் தானாக ஊர்ந்து போகட்டும்.

குஞ்சுகள் போய் இரண்டு மூன்று நாள் கழித்துக் குழியைத் திறந்து கணக்கெடுப்பு. பாதிக்கு மேல் முழுதாக உள்ள முட்டையோட்டை மட்டும் ஒரு குஞ்சு என்று எண்ண வேண்டும், துண்டுகளை எண்ணினால் பொரிப்பு விகிதம் பொய்யாக ஏறும். பொரியாத முட்டையைப் பிரித்து, கரு எந்த நிலையில் நின்றது என்று பதிவார்கள். நாற்றம் தாங்காது. ஆனால் எல்லாக் கருவும் தொடக்கத்திலேயே நின்றிருந்தால் இடமாற்றத்தில் தவறு, கடைசிக் கட்டத்தில் நின்றிருந்தால் சூடு அல்லது வெள்ளம் என்று யோசிக்கத் தொடங்குவது இந்தக் கணக்கிலிருந்துதான்.

#8 தூக்கணாங்குருவி

ஆமைத்தடம் அண்ணா, "தொடக்கநிலைத் தன்னார்வலருக்கு உண்மையாகவே வேலை" என்றீர்கள். இரண்டு வாரத்துக்கு வருகிறவருக்குப் பயிற்சி தரவே ஒரு வாரம் போகிறது. அந்த நேரத்தை உள்ளூர் ஆளுக்குச் சம்பளமாகக் கொடுத்தால் ஆண்டு முழுக்க வேலை நடக்குமே. குறுகிய காலத் தன்னார்வமே வேண்டாம் என்பது என் கருத்து.

#9 ஆமைத்தடம்

பாதி ஒத்துக்கொள்கிறேன். குரங்கு, கரடி, பூனையினக் காப்பகங்களில் இரண்டு வாரம் யாருக்கும் பயன்படாது. ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தால் விலங்குக்கும் மன அழுத்தம். குறைந்தது ஒரு மாதம், பல இடங்களில் அதைவிடக் கூடுதலாகக் கேட்பதற்கு அதுதான் காரணம். தாயில்லாக் குட்டி என்றால் இன்னும் கண்டிப்பு வேண்டும். வாரம் ஒரு முகம் மாறினால் குட்டி ஒவ்வொரு முறையும் தாயை இழக்கிறது.

கடற்கரை வேறு. அங்கே ஓர் இரவில் பல கிலோமீட்டர் கரையைச் சில ஆட்கள் மாறிமாறிக் கடக்க வேண்டும். பயிற்சி ஒரு மாலைப்பொழுதில் முடியும், உள்ளூர்த் தலைவர் கூடவே இருப்பார். தன்னார்வலர் கட்டணத்தில்தான் அந்தத் தலைவருக்குச் சம்பளம் போகிறது, அவர் முன்பு முட்டை எடுத்து விற்றவராகவும் இருப்பார். ஆகவே கால அளவை மட்டும் பார்க்காமல், கட்டணத்தில் எத்தனை பங்கு களத்துக்குப் போகிறது, எத்தனை பங்கு இடைத்தரகு நிறுவனத்துக்குப் போகிறது, எத்தனை உள்ளூர்ப் பணியாளர் நிரந்தரமாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பணியாளரைவிடத் தன்னார்வலர் அதிகம் உள்ள காப்பகம், தன்னார்வலர் வராத மாதத்தில் விலங்குக்கு யார் தீனி போடுவார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

#10 வெண்கொக்கு

அன்றாட வேலை என்றால் பெரும்பகுதி கழுவலும் தீனி தயாரிப்பும். அதிலும் முறை இருக்கிறது.

கூண்டு கழுவும் வரிசை: முதலில் குட்டிகள், பிறகு நலமான பெரியவை, பிறகு நோயுற்றவை, கடைசியில் புதிதாக வந்த தனிமைப் பகுதி. அங்கிருந்து திரும்பி வரக் கூடாது. ஒவ்வொரு பகுதிக்கும் தனித் துடைப்பம், தனி வாளி, தனி பூட்ஸ். கிருமிநாசினியை அழுக்கின் மேல் ஊற்றினால் வேலை செய்யாது. கழிவை அள்ளி, சோப்பு நீரால் தேய்த்து, அலசி, பிறகுதான் ப்ளீச். வீட்டுப் ப்ளீச்சை ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 30 மி.லி. கலந்து பத்து நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். நாய், பூனையினக் குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸுக்கு இது கேட்கும். பலர் நம்பியிருக்கும் குவாட்டர்னரி அமோனியம் வகைக் கிருமிநாசினி கேட்காது. கலவையைத் தினமும் புதிதாகச் செய்யுங்கள், வெயில் பட்டால் வீரியம் போய்விடும். சிறுநீர் தேங்கிய தரையில் ப்ளீச் ஊற்றினால் அதிலுள்ள அமோனியாவோடு சேர்ந்து நச்சுவாயு கிளம்பும். மூடிய அறையில் இது ஆபத்து. பினைல் வகை திரவம் பூனையினத்துக்கு விஷம், அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

பூட்டு விஷயத்தில் பெரிய விலங்கு வைத்திருக்கும் இடங்கள் எல்லாமே ஒரே ஒழுங்கைத்தான் கடைப்பிடிக்கும். உள்ளே போகும் முன் விலங்கை எண்ணு, சறுக்குக் கதவைச் சாத்து, பூட்டை மாட்டு, இழுத்துப் பார், மறுபடி எண்ணு. கதவை இயக்குபவர் ஒருவராகவே இருக்க வேண்டும், அந்த நேரம் அவரிடம் யாரும் பேசக் கூடாது. "அவர் பூட்டியிருப்பார்" என்று இருவரும் நினைத்த நொடியில்தான் விபத்து. புலி, சிங்கம், கரடி உள்ள கூண்டுக்குள் தன்னார்வலரை அனுப்பும் இடத்திலிருந்து அன்றே கிளம்பிவிடுங்கள்.

தீனியை எடை போட்டே கொடுக்க வேண்டும், கண் மதிப்பில் அல்ல. குரங்குகளுக்குத் தோட்டத்துப் பழம் நிறையக் கொடுப்பது அன்பு போலத் தெரியும். ஆனால் காட்டுப் பழத்தைவிட அதில் சர்க்கரை கூடுதல், நார் குறைவு. பல்லும் கெடும், உடலும் பெருக்கும். இலை, காய் அதிகம் வேண்டும். ஒரே இடத்தில் குவித்தால் வலுத்தது தின்னும், இளைத்தது பட்டினி கிடக்கும். விலங்குகளின் எண்ணிக்கையைவிடக் கூடுதலான இடங்களில் சிதறிப் போடுங்கள். கிளிகளுக்கு அவகாடோ கூடவே கூடாது.

கைக்குட்டிக்குப் பால் கொடுக்கச் சொன்னால்: உடல் சில்லிட்டிருக்கும் குட்டிக்குப் பால் கொடுக்கக் கூடாது, குடல் இயங்காமல் பால் அப்படியே நின்று புளிக்கும். முதலில் சூடு, பிறகு நீர்ச்சத்துக் கரைசல், அதன்பின் அந்த இனத்துக்கான பால்மாவு. மனிதக் குழந்தை போல மல்லாக்க வைத்துக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குப் போகும். வயிறு கீழே இருக்க, தலை சற்று உயர்ந்து இருக்க வேண்டும். ஒரு வேளைக்கு உடல் எடையில் ஏறத்தாழ ஐந்து சதவீதம் வரை. கங்காருக் குட்டிக்குப் பசும்பால் கொடுத்தால் அதிலுள்ள லாக்டோஸ் வயிற்றுப்போக்கையும் கண்புரையையும் தரும்.

#11 ஈரநிலம்

மிக்க நன்றி மேடம். சுற்றுலா விசாவில் போகலாமா? காப்பீட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

#12 காட்டுப்பாதை

சம்பளம் இல்லையென்றாலும் பல நாடுகள் அதை வேலை என்றே கருதும். தாய்லாந்தில் தன்னார்வப் பணிக்கு "நான்-இமிக்ரண்ட் ஓ" வகை விசாவும் பணி அனுமதியும் கேட்பார்கள். பிரிட்டனில் தொண்டுப் பணிக்கென்றே தற்காலிக விசா வகை உண்டு. "சுற்றுலா என்று சொல்லிவிடுங்கள்" என்று எழுதும் காப்பகத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். குடிவரவு அதிகாரியிடம் பொய் சொல்வது நீங்கள், திருப்பி அனுப்பப்படுவதும் நீங்கள். தூதரகத்துக்கு எழுதி, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

காப்பீட்டுப் பத்திரத்தில் விலக்குப் பகுதியை முதலில் படியுங்கள். உடலுழைப்பு வேலை, விலங்குகளோடு வேலை, படகு, ஏணி, இவற்றில் எது விலக்கப்பட்டிருந்தாலும் அந்தப் பத்திரம் உங்களுக்கு ஆகாது. மருத்துவ வெளியேற்றம், அதாவது அவசரத்தில் உங்களை வேறு ஊர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு, கண்டிப்பாக அதில் இருக்க வேண்டும்.

#13 தூக்கணாங்குருவி

கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் நாட்டில் செய்ய அனுமதியில்லாத அறுவையை வேறு நாட்டில் "அனுபவத்துக்காக" செய்ய வைக்கும் தெருநாய்க் கருத்தடை முகாம்கள் இருக்கின்றன. அங்கே பதிவில்லாமல் ஊசி போடுவதும் வெட்டுவதும் பெரும்பாலும் சட்டமீறல், விலங்குக்கும் கொடுமை. முகாமில் மாணவருக்குப் பெரிய வேலை அறுவைக்குப் பின்தான். மயக்கம் தெளியும் வரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நாக்கை வெளியே இழுத்துவிட்டு, ஐந்து பத்து நிமிடத்துக்கொருமுறை ஈறு நிறம், மூச்சு, உடல் வெப்பம் பார்க்க வேண்டும். பூனையும் குட்டிகளும் வேகமாகக் குளிர்ந்துவிடும். சூட்டுப்பையைத் துணி சுற்றாமல் வைத்தால் தோல் வெந்துவிடும், மயக்கத்தில் அது நகராது. முகாம்களில் அறுவையின்போது போகும் உயிரைவிட இந்த இடைவெளியில் போகும் உயிரைத்தான் காப்பாற்ற முடியும்.

#14 கருஞ்சிறுத்தை

விலங்கைத் தொடாமலே பெரிய பயன் தரும் வேலை கேமரா ட்ராப், அதாவது விலங்கு கடக்கும்போது தானாகப் படமெடுக்கும் கேமரா வைப்பது. ஆள் குறைவால் திணறும் ஆய்வுக் குழுக்களுக்கு இதில் உதவி தேவை.

புலி, சிறுத்தை கணக்கெடுப்புக்குப் பாதையின் இரு பக்கமும் எதிரெதிரே இரண்டு கேமரா. வலப்பக்க வரியும் இடப்பக்க வரியும் வேறு வேறு என்பதால் ஒன்று மட்டும் இருந்தால் ஒரே விலங்கை இரண்டாக எண்ணிவிடலாம். நேருக்கு நேர் வைத்தால் ஒன்றின் பிளாஷ் மற்றதை வெளுக்கவைக்கும், சற்று விலக்கி வையுங்கள். உயரம் முழங்கால் அளவு, 40 முதல் 50 செ.மீ. பாதையிலிருந்து மூன்று நான்கு மீட்டர். கிழக்கு, மேற்கு நோக்கி வைத்தால் காலை மாலை வெயில் சென்சாரை ஏமாற்றி வெற்றுப் படமாக நிரப்பும். முன்னால் உள்ள புல்லையும் தொங்கும் கொடியையும் வெட்டாவிட்டாலும் அதே கதி, மெமரி கார்டு இரண்டு நாளில் நிறைந்துவிடும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம், லித்தியம் பேட்டரி.

புறப்படும் முன் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். பேட்டரி மாற்றும்போது சில மாடல்களில் அது ஆரம்ப நிலைக்குப் போய்விடும், ஒரு மாதத் தரவு பயனற்றுப் போகும். வைத்தவுடன் தேதி, இடக்குறியீடு எழுதிய பலகையைக் கேமரா முன் பிடித்து ஒரு படம் எடுத்துவிட்டால் பின்னால் வரும் குழப்பத்தில் பாதி தீரும். கார்டை எடுக்கும்போது காலி கார்டும் நிறைந்த கார்டும் தனித்தனிப் பையில். புலி, காண்டாமிருகம் போன்றவற்றின் படத்தை இடக்குறிப்போடு சமூக ஊடகத்தில் போடாதீர்கள், வேட்டைக்காரரும் அதைப் பார்க்கிறார்.

#15 ஈரநிலம்

கடைசியாக ஒன்று. பூட்ஸ், கூடாரம் எல்லாம் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு அப்படியே கொண்டுபோகலாமா? உதிர்ந்த இறகு, சிப்பி நினைவுக்கு எடுத்துவரலாமா?

#16 சிறகன்

அப்படியே கூடாது. தவளைகளை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சை ஈரமான சேற்றில் பயணம் செய்யும். பூட்ஸின் அடிப்பள்ளங்களில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டி, பிரஷ்ஷால் தேய்த்து, கிருமிநாசினியில் நனைத்து, முழுக்க உலரவிட வேண்டும். சேறு இருக்கும்போது மருந்தில் முக்கினால் உள்ளே இறங்காது. வௌவால் குகைக்குள் போன உடை, கயிறு, தலைக்கவசத்தை வேறு கண்டத்துக் குகைக்கு எடுத்துப்போகவே கூடாது. வட அமெரிக்காவில் பூஞ்சையால் வரும் வெண்மூக்கு நோய் லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றது. அதே பகுதிக்குள் மறுபடி பயன்படுத்தும் துணிகளை 55 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் 20 நிமிடம் மூழ்கவைக்கச் சொல்கிறார்கள்.

இறகு, சிப்பி, பவளம், மண்டையோடு, முட்டையோடு எதுவும் வேண்டாம். பலவும் அருகிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலில் வரும், அனுமதிச்சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதலும் வழக்கும். அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான காட்டுப் பறவைகளின் உதிர்ந்த இறகை வைத்திருப்பதே குற்றம். ஆய்வுக்கு மாதிரி கொண்டுவர வேண்டுமென்றால் காப்பகத்தின் பெயரில் ஏற்றுமதி, இறக்குமதி அனுமதி இரண்டும் முன்பே வாங்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.